விலைக்கு உறுதி உண்டு, ஆற்றுக்கு உண்டா?



அண்மையில் ஆறாம் ஆண்டு வகுப்பில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் குறித்துப் பேசிக்கொண்டிருந்தேன். “ஐயா, நம் டுரியான் துங்கால் அணையிலேயே மின்சாரம் எடுக்கலாமே?” என்று ஒரு மாணவி வினவினாள்.

நல்ல வினா! உடனே கரும்பலகையில் கணக்குப் போட்டோம். நொடிக்கு 1 கன மீட்டர் நீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் 98 கிலோவாட் ஆற்றல் கிடைக்கும். இயந்திர இழப்புப் போக ஏறத்தாழ 70 மிஞ்சும். ஆகவே உயரமும் வேண்டும், ஓயாத நீரோட்டமும் வேண்டும். நம் அணையோ குடிநீருக்கானது. 1991-இல் அதுவே வற்றிப்போனது. தண்ணீர் லாரிக்காக வாளியோடு காத்து நின்றதை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆனால், மலைப்பாங்கான பகாங், பேராக், கிளந்தான் மாநிலங்களின் நிலை வேறு. 1900-ஆம் ஆண்டிலேயே ரவூப் தங்கச் சுரங்கத்திற்காகச் செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் அமைத்த நாடு இது. அப்படியிருந்தும் சிறு நீர்மின்சாரம் ஏன் நெடுங்காலம் தேங்கியது?

அரசு முயலாமல் இல்லை. 2001-இல் சிறு புதுப்பிக்கத்தக்க மின்னாற்றல் திட்டம் தொடங்கியது. 2005-க்குள் நாட்டின் மின்சாரத்தில் 5 விழுக்காடு இத்தகைய ஆற்றலிலிருந்து வரவேண்டும் என்பது இலக்கு. அது எட்டப்படவில்லை. விற்கும் விலையை ஒவ்வொருவரும் தனித்தனியே பேசி முடிக்க வேண்டியிருந்தது. விலை உறுதியில்லாத தொழிலுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்?

அக்குறையை 2011-ஆம் ஆண்டுச் சட்டம் தீர்த்தது. அவ்வாண்டு டிசம்பர் 1 முதல், 30 மெகாவாட் வரையிலான சிறு நீர்மின் நிலையங்களுக்கு 21 ஆண்டுகள் மாறாத விலை என்னும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அதற்கான நிதி எங்கிருந்து வருகிறது? நம் மின்கட்டணச் சீட்டில் கே.டபிள்யூ.டி.பி.பி. என்று ஒரு வரி இருக்கிறதே, அதுதான்! 2014-இல் அது 1.6 விழுக்காடாக உயர்ந்தது. இந்தக் கொள்கையை நான் மனமார வரவேற்கிறேன்.

ஆயினும் ஒரு பெருங்குறை எஞ்சியுள்ளது. நம் அரசமைப்புச் சட்டப்படி மின்சாரம் கூட்டரசின் பொறுப்பு. நிலமும் காடும் ஆறும் மாநிலங்களின் பொறுப்பு. ஓர் அரசு 21 ஆண்டு விலைக்கு உறுதியளிக்கிறது. மற்றோர் அரசு அதே ஆற்றின் மேற்புறத்தில் மரம் வெட்ட அனுமதி வழங்க இயலும். மலை மொட்டையானால் மழைக்காலத்தில் சேற்று வெள்ளம், கோடையில் வறண்ட பாறை. பெரிய நீர்த்தேக்கம் இல்லாத சிறு நிலையம் இவற்றைத் தாங்காது. மணல் கலந்த நீர் சுழலியையே தேய்த்துவிடும்.

இது வெறும் அச்சமன்று. கேமரன் மலையில் சரிவுகளை வெட்டித் திருத்தியதால் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் வண்டல் குவிந்ததை நாடே அறியும். 2013 அக்டோபரில் அவ்வணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பறிபோயின.

எனவே என் கருத்து இது. சிறு நீர்மின் நிலையத்திற்கு விலை உறுதி வழங்கும்போதே, அதன் நீர்ப்பிடிப்புக் காட்டையும் அதே 21 ஆண்டுகள் காப்பதாக மாநில அரசிடம் எழுத்துவழி உறுதி பெறவேண்டும். ஆற்றங்கரையில் வாழும் மக்களின், குறிப்பாகப் பூர்வகுடியினரின், இசைவையும் முன்னதாகவே பெறவேண்டும்.

மாநிலத்தின் மர வருமானம் குறையுமே என்பார்கள். உண்மைதான். காடுகளைக் காக்கும் மாநிலங்களுக்கு 2019 முதல் கூட்டரசு நிதி ஒதுக்கி வருகிறது. அந்நிதியை இந்த ஆறுகளோடு இணைத்தால் இழப்பை ஈடுசெய்ய வழி பிறக்கும்.

பெற்றோர்களே, அடுத்த மின்கட்டணச் சீட்டு வந்ததும் அந்த வரியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அது எதற்காக என்று சொல்லிக் கொடுங்கள். ஆசிரியர்களே, நீர்மின்சாரம் நடத்தும் நாளில் சுழலியின் படத்தோடு நிறுத்தாமல், அதற்கு மேலேயுள்ள காட்டையும் சேர்த்து வரையுங்கள். பணம் கொடுப்பவர்கள் நாம். ஆற்றைப் பற்றிக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.