ஆசிரியரும் கற்கட்டும்

மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் 2017ஆம் ஆண்டு, முதலாம் படிவத்தில் அடிப்படைக் கணினி அறிவியல் பாடம் அறிமுகம் கண்டது. நிரலாக்கமும் கணிமைச் சிந்தனையும் அப்பாடத்தில் இடம்பெற்றன. ஒரு பெரிய சிக்கலைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, தேவையற்றதை ஒதுக்கி, படிப்படியாகத் தீர்வை அமைப்பதே கணிமைச் சிந்தனை. ஆனால், இதைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் பலர் தங்கள் பள்ளிப் பருவத்தில் இதனைக் கற்றவர்கள் அல்லர். எனவே, அவர்கள் கற்பித்துக்கொண்டே கற்க வேண்டியுள்ளது. இதனைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. முறையாகப் பயன்படுத்தினால், இதுவே மாணவர்களுக்கு நல்ல பாடமாக அமையும்.

ஒரு வகுப்பறையைக் கற்பனை செய்து பாருங்கள். ஆசிரியர் 'ஸ்க்ராட்ச்' மென்பொருளில் சதுரம் வரைகிறார். "முன்னே செல், 90 பாகை திரும்பு" என்னும் கட்டளை நான்கு முறை இயங்க, சதுரம் சரியாக அமைகிறது. அடுத்து, சமபக்க முக்கோணம். அதன் கோணம் 60 பாகைதானே என்றெண்ணி, 60 எனக் கொடுத்து மூன்று முறை இயக்குகிறார். கோடுகள் ஒன்றுசேராமல் பாதி அறுகோணமாக நிற்கின்றன. வகுப்பில் சிரிப்பொலி எழுகிறது.

அப்போது ஆசிரியர் திரையை அணைத்துவிட்டு வேறு பயிற்சிக்குச் செல்லலாம். அல்லது, "எனக்கும் புரியவில்லை. பிழை எங்கே இருக்கிறது? சேர்ந்து தேடுவோம்" என்று கூறலாம். அவர் அப்படிக் கூறினால், ஒரு மாணவி எழுந்து தரையில் முக்கோணமாக நடந்து பார்க்கக்கூடும். ஒவ்வொரு முனையிலும் தான் திரும்புவது வெளிக்கோணமாகிய 120 பாகை என்பது அவளுக்கு விளங்கும். 1967இல் சிறுவர்களுக்கான 'லோகோ' நிரல்மொழியை உருவாக்கியவர்களுள் ஒருவரான சைமோர் பேப்பர்ட், பிழையை ஆராய்ந்து திருத்துவதே கற்றலின் முக்கியப் பகுதி எனக் கருதினார்.

ஆசிரியர் முதலில் முழுமையாகக் கற்று முடிக்கட்டும், பிறகு கற்பிக்கட்டும் என்பாரும் உளர். அதில் நியாயம் உண்டு. ஆயத்தமின்றி வரும் ஆசிரியரால் மாணவர்களின் நேரம் வீணாகும். ஆகவே, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பழகிப் பார்க்கப் போதிய நேரமும் தரப்பட வேண்டும். பிற பணிகளை முடித்த களைப்பில், இரவில் தனியே கற்கும்படி அவர்களை விட்டுவிடுவது முறையன்று. ஆயினும், மென்பொருள்கள் மாறிக்கொண்டே இருப்பதால், கற்று முடிக்கும் நாளுக்காகக் காத்திருக்கவும் இயலாது. ஆயத்தமின்றி வருவது வேறு; ஆயத்தமாக வந்தும் தெரியாததை மறைக்காமல் இருப்பது வேறு.

மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. ஆசிரியரின் தவற்றைக் கேலி செய்தால், அவர் மறுநாள் புதியதை முயலத் தயங்குவார். அந்தச் சிரிப்பைக் கேட்ட சக மாணவரும் தம் ஐயத்தை வெளியில் சொல்ல அஞ்சுவார். மாறாக, விடை தெரிந்தவர் முன்வந்து விளக்கினால் வகுப்பு முழுவதும் பயன்பெறும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆசிரியரிடமே மாணவர்கள் அச்சமின்றிக் கேள்வி கேட்பார்கள்.