பெட்டி வரையப் பழகுவோம்

"படம் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறவரால் வரைகிற பிள்ளைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எந்தக் கோடு எந்த இடத்தில் பிசகியது என்று காட்டுகிற ஆள் வேண்டும். பெட்டி வரைகிறவர்கள் அந்த ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு ஸ்கேலும் சில கலர் பேனாக்களும் போதும்.

தூத்துக்குடியில் பெட்டிக்குப் பஞ்சமா? துறைமுகச் சாலையோர யார்டுகளில் கன்டெய்னர்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. பெரும்பாலானவை 20 அடி அல்லது 40 அடி நீளம், 8 அடி அகலம், எட்டரை அல்லது ஒன்பதரை அடி உயரம். எந்த நாட்டுக் கப்பலில் வந்தாலும் இதே கணக்குத்தான். நிஜ அளவு தெரிந்த பொருள் என்பதால், காகிதத்தில் வந்த தப்பை அளந்தே பிடித்துவிடலாம்.

தூரத்தைக் காகிதத்தில் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் பழகுகிறவர்களுக்குக் கடலும் ஒரு வரம். கண்மட்டம் என்ற கோட்டை மற்ற ஊர்க்காரர்கள் மனதில் யூகித்துக்கொள்ள வேண்டும். நமக்கு முத்துநகர் கடற்கரையில் அது அடிவானமாகவே கிடக்கிறது. மணலில் உட்கார்ந்தால் நம்மோடு இறங்கும், மாடியேறினால் கூடவே ஏறும். நிற்கிறவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 5 அடி உயரத்தில் இருக்கும். ஆகவே அதே சமதரையில் நிற்கும் ஒவ்வொரு கன்டெய்னரையும், பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், கண்மட்டக் கோடு பாதிக்குச் சற்று மேலே வெட்டியாக வேண்டும். தூரத்துப் பெட்டியின் தலைக்கு மேலே அந்தக் கோடு போனால், வரைந்தவர் பெட்டியைக் குள்ளமாக்கிவிட்டார். டிரெய்லரில் ஏற்றிய பெட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் அடிப்பக்கமே கிட்டத்தட்ட கண் உயரத்தில் இருப்பதால் கீழ்விளிம்பு மட்டமாகப் படுத்துக்கிடக்கும். மேல்விளிம்புதான் சரிந்து இறங்கும்.

என் அண்ணன் மகள் இப்போது மனதிலிருந்தே பெட்டிகள் வரைந்து பழகுகிறாள். கண்ணாடிப் பெட்டியாக நினைத்து, மறைந்த விளிம்புகளையும் சேர்த்து 12 கோடுகளையும் போடுவாள். பிறகு ஒரே திசையில் ஓடும் நான்கு கோடுகளுக்கு ஒரு நிறம் என்று மூன்று நிறங்களில், பார்ப்பவரை விட்டு விலகும் பக்கமாக அவற்றை நீட்டுவாள். நான்கும் ஒரே மறைபுள்ளியை, அதாவது தூரத்தில் அவை சேர்வதாகத் தெரியும் புள்ளியைப் பார்த்து நெருங்க வேண்டும். "அத்தை, இது பின்னால வீங்கிருச்சு" என்பாள். பார்த்தால், நெருங்க வேண்டிய கோடுகள் விரிந்து போயிருக்கும். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது மறைந்திருக்கும் பின்மூலைதான். மூன்று திசைக் கோடுகளும் அங்கே சந்திப்பதால், முன்னால் நடந்த சின்னச் சின்னப் பிசகெல்லாம் அங்கே வந்து குவிகிறது.

அவள் ரப்பரை எடுத்தால் நான் விடுவதில்லை. பிசகிய பெட்டி அதன் நிறக்கோடுகளோடு அப்படியே இருக்கட்டும். அடுத்த பெட்டியில், பேனா வைக்கும் முன்பே இந்தக் கோடு எங்கே போய்ச் சேரும் என்று யோசித்தால் அதுதான் திருத்தம்.

கோடுகளை ஒரு புள்ளிக்கு ஓட்டும் இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. நம் மாவட்டத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜுவைச் சாமிப்படக் காலண்டர்களால் அறிவோம். சென்னை ஓவியப் பள்ளியில் படித்த அவர், காலண்டர்களுக்கு முன் நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்தவர். தட்டையான துணியில் தர்பார் மண்டபமும் தெருவும் உள்ளே நீண்டு போவதாக மக்கள் நம்ப வேண்டுமே! தூண் வரிசை ஒரு புள்ளிக்கு ஓடாவிட்டால் அரண்மனை சாய்ந்துவிடும். பின்னாளில் சீடர்கள் அவருடன் சேர்ந்தே வேலை செய்து வளர்ந்தார்கள். அந்த நெருக்கம் இன்றைய பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஓவியப் போட்டி நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: பரிசு கிடைக்காத படத்தின் மேல் ஒரு டிரேசிங் தாளை வைத்து, படத்திலுள்ள கோடுகளை நீட்டிக் காட்டித் திருப்பிக் கொடுங்கள்.

என் அண்ணன் மகள் அடுத்து பழைய துறைமுகத்துத் தோணிக்குப் போகப் போகிறாள். வளைவான உடலை நேரடியாக வரைந்தால் ஒரு பக்கம் பருத்துவிடும். முதலில் தோணி அடங்கும் நீளப் பெட்டி. மேல்பரப்பில் மூலைவிட்டங்கள் வெட்டும் இடம் நிஜ நடு. தூரப் பாதி காகிதத்தில் குறுகித்தான் தெரியும். அந்த நடுவழியே நீளவாக்கில் ஓடும் கோடும் மற்ற நீளக் கோடுகளின் மறைபுள்ளிக்கே போக வேண்டும். முனையும் பின்புறமும் அந்தக் கோட்டில் உட்கார்ந்த பிறகுதான் வளைவுகள்.