கிராணி போட்ட பிறந்த நாள்

ஜனவரி 1-ஆம் தேதி எங்கள் வீட்டில் கேக் வெட்டுவோம். புத்தாண்டுக்காக இல்லை, பாட்டிக்காக. அடையாள அட்டையில் அன்றுதான் பாட்டியின் பிறந்த நாள். வருடம் 1922. மெழுகுவர்த்தியை ஊதச் சொன்னால் பாட்டி ஒவ்வொரு முறையும் இதையேதான் சொல்வார்: "இது கிராணி போட்ட பொறந்த நாளுடா. அவனைக் கூப்பிட்டு ஊதச் சொல்லுங்க."

1948-இல் அவசரகாலம் வந்தபோது, பன்னிரண்டு வயதைத் தாண்டிய எல்லாருக்கும் அடையாள அட்டை கட்டாயமானது. பாட்டியும் தாத்தாவோடு வரிசையில் நின்றார். பிறந்த தேதி என்ன என்று கேட்ட கிராணியிடம், "மாசி மகத்துக்கு மறுநாள். எங்க ஊர்ல வெள்ளம் வந்தப்போ நான் இடுப்புப் பிள்ளை" என்றாராம். கிராணி தலையைக்கூட நிமிர்த்தாமல் ஏதோ எழுதி அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம்.

பாட்டிக்குக் கொள்ளிடக் கரையோரம் ஒரு கிராமம். காவிரியும் கொள்ளிடமும் கரையை உடைத்துக்கொண்ட அந்தப் பெருவெள்ளம் 1924-இல் வந்தது. நான் வளர்ந்து, வேலைக்குப் போய், ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாட்டி பிறந்தது 1923 மாசியாகத்தான் இருக்க வேண்டும். கிராணி ஒரு வயதைக் கூட்டிவிட்டார். சொன்னதற்குப் பாட்டி, "ஒரு வயசு போனா என்ன, அரிசி விலையா ஏறிடுச்சு?" என்று கேட்டுவிட்டு மிளகாய்க் காம்பு கிள்ளப் போய்விட்டார்.

கல்யாணமான மறு வருடம், பதினாறு வயதில், நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறினார். மேல்தளப் பயணம். பினாங்கில் இறங்குமுன் ஜெரெஜாக் தீவில் சில நாள் தடுப்பு முகாம். தாத்தாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை வேலை. ராணித் தெருவில், மாரியம்மன் கோயில் மணி காதில் விழும் தூரத்தில், கடைவீடு ஒன்றின் மாடியில் ஓர் அறை. இரண்டு வருடம் சம்பாதித்துவிட்டு ஊருக்குத் திரும்புவதாகப் பேச்சு. அந்த இரண்டு வருடம் முடியவே இல்லை.

1941 டிசம்பர் 11-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் வந்தபோது, வேடிக்கை பார்க்க ஜார்ஜ் டவுன் முழுக்கத் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்ததாம். பாட்டியும் பார்த்தார். வயிற்றில் பெரிய மாமா. குண்டு விழுந்த பிறகு ஆயர் ஈத்தாமுக்கு நடந்தே போனார்கள். அந்த நடையைப் பற்றி அதற்கு மேல் எங்களிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மரவள்ளிக்கிழங்கை மட்டும் கடைசி வரை வீட்டுக்குள் விடவில்லை.

போர் முடிந்தபின் தாத்தாவின் கூலி போதவில்லை. பாட்டி அம்மியை எடுத்தார். மல்லி, மிளகாய், சோம்பு, மஞ்சள் எல்லாம் தனித்தனியாக, தண்ணீர் தெளித்து வெண்ணெயாக அரைத்து, வீட்டு முன் ஐந்தடி நடைபாதையில் பலகை போட்டு வைப்பார். வாங்க வருகிறவர்கள் கிராம் கணக்குச் சொல்ல மாட்டார்கள். என்ன மீன், எத்தனை பேருக்கு என்று சொல்வார்கள். பாட்டி ஒவ்வொரு குவியலிலும் விரலால் வழித்து, வாழை இலையில் சேர்த்து மடித்துக் கொடுப்பார். சீனப் பெண்கள்தான் அதிகம் வருவார்கள். அவர்களிடம் ஹொக்கியனில் பேரம். பக்கத்துக் கடைக்காரரிடம் சந்தை மலாய். எங்களிடம் கொள்ளிடக் கரைத் தமிழ். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மனுஷி மூன்று மொழியில் கடன் வசூலிப்பார். பட்டம் வாங்கிய எனக்கு இன்றும் சம்பள உயர்வு கேட்க வாய் வராது.

1957-இல் சுதந்திரம் வந்தது. இங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்கள் மனு கொடுத்தால் குடியுரிமை பெறலாம் என்றார்கள். தாத்தா கொடுக்கவில்லை. "எப்படியும் ஊருக்குத்தானே போகப் போறோம்!" பாட்டிக்கும் சிவப்பு அட்டைதான். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானபோது, தெருவில் தெரிந்த பாதிப் பேர் அதே ராஜுலாவில் திரும்பிப் போனார்கள். அதற்குள் தாத்தா காலமாகிவிட்டார். அம்மிக்கு யாரும் சீட்டுக் கேட்கவில்லை. பாட்டி தங்கிவிட்டார்.

வாடகைக் கட்டுப்பாடு முழுவதும் நீங்கியது 2000 ஜனவரி 1 அன்று. கேக் வெட்டிய அதே நாள். சில மாதங்களில் வீட்டுக்காரர் கேட்ட வாடகையை எங்களால் கொடுக்க முடியவில்லை. ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் பன்னிரண்டாவது மாடிக்குப் போனோம். அம்மி மின்தூக்கியில் ஏறியது. அரைக்கிற சத்தத்துக்குக் கீழ்வீட்டு அம்மாள் சண்டைக்கு வந்தார். மறுவாரம் மீன் கறிக்கு மசாலா வாங்க வந்தார்.

2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது. பாட்டியை ராணித் தெருவுக்கு அழைத்துப் போனேன். எங்கள் அறைக்குக் கீழே காப்பிக் கடை. "சுவத்துக்கு நல்லா சுண்ணாம்பு அடிச்சிருக்கான்" என்றார். மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.

இனி சொல்லப் போவதை இந்தப் பத்தியில் எழுதலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

2009-இல் பாட்டி திடீரென்று, "எனக்கு நீல அட்டை வாங்கித் தா" என்றார். மனு நிரப்பி, நேர்முகத்துக்கும் அழைத்துப் போனேன். அதிகாரி மலாயில் மெதுவாக, மரியாதையாகத்தான் கேட்டார். பாட்டி பதற்றத்தில் எண்களை எல்லாம் ஹொக்கியனில் சொன்னார். அதிகாரி சிரித்துவிட்டார். பாட்டியும் சிரித்தார். பழகிக்கொண்டு இன்னொரு முறை வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்கள்.

அந்த இன்னொரு முறை வரவே இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எனக்குக் கூடுதல் நேர வேலை, பிறகு தணிக்கை, பிறகு மகளின் பள்ளி. "அடுத்த மாதம் போகலாம் பாட்டி" என்று எத்தனை முறை சொன்னேன் என்று எண்ணவில்லை. பாட்டி எண்ணியிருப்பார். மாலையில் மகளை உட்கார வைத்து, சாத்து, டுவா, தீகா என்று விரல் விட்டுப் பழகிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். பார்த்தும் விடுப்பு எடுக்கவில்லை.

2013 மே 5 பொதுத் தேர்தல். விரலில் முதன்முதலாக மை வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பாட்டி என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். "போகலையே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் ஒருநாள் வெப்பாங்களா?" என்று கேட்டார். மஞ்சள் ஏறி நிறம் மாறிப் போயிருந்த விரல். நான் சாப்பாடு எடுத்து வைக்கிற மாதிரி அடுப்படிக்குள் போய்விட்டேன்.

2015-இல், மழை நாளில், தூக்கத்திலேயே போய்விட்டார். வெள்ளக் கணக்குப்படி தொண்ணூற்றிரண்டு. அட்டைக் கணக்குப்படி தொண்ணூற்று மூன்று. இறப்பைப் பதிய நான்தான் போனேன். பிறந்த தேதி கேட்டார்கள். மாசி மகம் நாக்கு நுனி வரை வந்தது. ஜனவரி 1 என்றேன். சிவப்பு அட்டையைக் கேட்டார்கள், கொடுத்தேன். அதில் மசாலாக் கறை இருந்தது.

இந்த வருடமும் பெரிய மாமா ஜனவரி 1 அன்று கேக் வாங்கி வந்தார். யார் பெயர் எழுத வேண்டும் என்று கடைப் பையன் கேட்டானாம். மாமா யோசித்துவிட்டு, "கிராணின்னு எழுதுப்பா" என்று சொல்லியிருக்கிறார். அப்படியே எழுதியிருந்தான்.