காத்திருந்தவளுக்கும் ஒரு போர்





இந்த மாதம் உங்களோடு ஒரு படத்தைப் பற்றிப் பேச வேண்டும். மாஸ்கோவின் மாஸ்ஃபிலிம் ஸ்டூடியோ 1957இல் எடுத்த 'நாரைகள் பறக்கின்றன'. 'தி கிரேன்ஸ் ஆர் ஃப்ளையிங்' என்ற பெயரில் உலகம் அறிந்த கறுப்பு-வெள்ளைப் படம். இயக்கியவர் மிகயீல் கலத்தோசவ். 1958இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்றது. ஒருகாலத்தில் திரைப்படச் சங்கங்களின் திரையிடலுக்காகக் காத்திருந்து பார்க்க வேண்டிய படமாக இருந்தது. அமெரிக்காவின் க்ரைட்டீரியன் நிறுவனம் இதை 2002இல் டிவிடியாகக் கொண்டுவந்தது. 2020இல் 2கே தரத்தில் புதுப்பித்து ப்ளூ-ரேயாகவும் வெளியிட்டது. இன்று நம் வீட்டுக் கூடத்திலேயே பார்க்கலாம். அப்படிப் பார்த்த பிறகு மனதில் தங்கிவிட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை 1941 ஜூன் 22 விடியற்காலையில் தொடங்குகிறது. ஜெர்மானியப் படை சோவியத் எல்லையைத் தாண்டிய நாள் அது. மாஸ்கோவில் இன்னும் செய்தி தெரியாது. காதலர்களான வெரோனிகாவும் போரிஸும் ஆற்றங்கரையில் துள்ளித் திரிகிறார்கள். தலைக்கு மேல் நாரைக் கூட்டம் பறக்கிறது. அண்ணாந்து பார்த்து நிற்பவர்களைத் தெருவில் தண்ணீர் தெளித்துப் போகும் வண்டி நனைத்துவிடுகிறது. அவன் அவளை 'அணில்' என்று செல்லமாகக் கூப்பிடுகிறான். சில நாட்களில் யாரும் கட்டாயப்படுத்தாமல் தானாகவே படையில் சேர்கிறான். அவளுடைய பிறந்தநாளுக்கு ஒரு பொம்மை அணிலையும் அதன் கூடைக்குள் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுப் போகிறான். அவள் வழியனுப்ப ஓடி வருகிறாள். கூட்டத்தில் அவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவனுக்காகக் கொண்டுவந்த பிஸ்கட் பொட்டலத்தை வேலிக்கு மேலாக வீசுகிறாள். அணிவகுத்துப் போகும் கால்கள் அதை மிதித்து நொறுக்குகின்றன.

போர்க்காலக் காதல் படங்களில் இதன் பிறகு என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அவன் களத்தில் போராடுவான். அவள் ஜன்னலோரம் காத்திருப்பாள். சோவியத் நாட்டில் இந்த நம்பிக்கைக்கு ஒரு கவிதையே அடையாளமாக இருந்தது. கான்ஸ்தந்தீன் சீமனவ் 1941இல் எழுதிய 'எனக்காகக் காத்திரு'. எத்தனையோ வீரர்கள் அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தார்கள். காதலியின் காத்திருப்பு களத்தில் நிற்பவனுக்குக் கவசம் என்று ஒரு நாடே நம்பியது. அந்த நம்பிக்கை தேவைப்பட்ட காலம் அது.

வெரோனிகாவால் காத்திருக்க முடியவில்லை. குண்டுவீச்சில் அவளுடைய பெற்றோர் இறந்துபோகிறார்கள். எரியும் கட்டடத்தின் படிகளில் ஏறி ஓடித் தன் வீட்டுக் கதவைத் திறக்கிறாள். கதவுக்கு அப்பால் வீடே இல்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. போரிஸின் குடும்பம் அவளுக்கு அடைக்கலம் தருகிறது. அங்கே அவனுடைய ஒன்றுவிட்ட சகோதரன் மார்க் இருக்கிறான். பியானோ வாசிப்பவன், படைக்குப் போகாமல் தப்பியவன். இன்னொரு குண்டுவீச்சு இரவில், அவள் மறுத்தும் கேளாமல், அவளைப் பலவந்தப்படுத்துகிறான். அதே நேரத்தில் எங்கோ ஒரு சதுப்பு நிலத்தில், காயம்பட்ட தோழனைச் சுமந்துவரும் போரிஸ் சுடப்பட்டு விழுகிறான். வெரோனிகா மார்க்கை மணந்துகொள்கிறாள். போரிஸ் இறந்த செய்தி அவளுக்குத் தெரியாது.

இந்தப் படம் எனக்கு நெருக்கமானதற்குக் காரணம் அடுத்து வரும் பகுதி. குடும்பம் சைபீரியாவுக்கு இடம்பெயர்கிறது. போரிஸின் தந்தை ஃபியோதர் இவானவிச் அங்கே ராணுவ மருத்துவமனையில் தலைமை மருத்துவர். வெரோனிகா அங்கேயே தாதி. காயம்பட்ட ஒரு வீரனுக்கு, அவன் காதலி வேறொருவனை மணந்துவிட்டாள் என்று கடிதம் வருகிறது. அவன் கட்டுகளைப் பிய்த்தெறிந்து கதறுகிறான். அவனைத் தேற்றுவதற்காக மருத்துவர் பேசத் தொடங்குகிறார். காத்திருக்காத பெண்களுக்கு மன்னிப்பே கிடையாது என்கிறார். வார்டு முழுக்க ஆமோதிக்கிறது. ஓரமாக நிற்கும் வெரோனிகாவின் முகத்தைக் கேமரா விட்டு விலகவில்லை.

பேசுகிறவர் கெட்டவர் என்றால் நாம் எளிதாகக் கோபப்பட்டுவிடலாம். வசீலி மெர்க்கூரியெவ் நடித்த அந்த மருத்துவர் படத்திலேயே மிக நல்ல மனிதர். தன் சொல் யார் மேல் விழுகிறது என்பதை அந்த நேரத்தில் அவர் யோசிக்கவில்லை. ஒருவனுடைய வலியை ஆற்ற இன்னொருத்தியைத் தண்டிக்கிறோம் என்பது அங்கே இருக்கும் எவருக்கும் உறைக்கவில்லை. நல்லவர்கள் கூடிச் சொல்லும் தீர்ப்பு எத்தனை கொடியது என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய காட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை. வெரோனிகா ரயில் பாதையை நோக்கி ஓடுகிறாள். அதன் பிறகு அவளை வாழ்க்கைக்குத் திருப்பிக் கொண்டுவருவது என்ன, மருத்துவர் எப்படி உண்மையைக் கண்டுகொள்கிறார், ரயில் நிலையத்தில் கடைசியில் என்ன நடக்கிறது என்பதையெல்லாம் நீங்களே பாருங்கள்.

இந்தப் படம் பிறந்த காலமும் முக்கியம். சோவியத் தலைவர் ஸ்டாலின் 1953இல் மறைந்தார். 1956இல் குருஷ்சேவ் ஸ்டாலின் காலத்துக் கொடுமைகளைக் கட்சி மாநாட்டில் கண்டித்துப் பேசினார். இறுக்கம் சற்றுத் தளர்ந்த அந்த இடைவெளியில்தான் விக்தர் ரோசவின் நாடகம் மேடையேறியது. அதிலிருந்தே அவர் இந்தத் திரைக்கதையை எழுதினார். போரில் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேரை இழந்த நாடு அது. வெற்றி விழாக்களும் வீரர் சிலைகளும் நிறைய இருந்தன. போர் தங்களை எப்படி உடைத்தது என்று வீட்டில் இருந்தவர்கள் சொல்ல இடம் இல்லை. அந்த இடத்தை இப்படம் திறந்துவிட்டது. இசையமைத்த மோய்சேய் வைன்பெர்க் வார்சாவிலிருந்து தப்பி வந்த யூதர். அவருடைய பெற்றோரையும் தங்கையையும் நாஜிகள் கொன்றிருந்தார்கள். ஒளிப்பதிவாளர் செர்கேய் உருசேவ்ஸ்கி போர்முனையில் கேமரா பிடித்தவர். இழப்பை நேரில் அறிந்தவர்கள் எடுத்த படம் இது.

உருசேவ்ஸ்கியின் கேமராவைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். வழியனுப்ப விரையும் வெரோனிகாவோடு கேமராவும் பேருந்தில் வருகிறது, அவளோடு இறங்குகிறது, கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு போகிறது. பிறகு வெட்டு எதுவும் இல்லாமலேயே மேலே எழும்பி, டாங்கிகளுக்கு நடுவே ஓடும் சிறு உருவமாக அவளைக் காட்டுகிறது. போரிஸ் சாகும் நொடியில் பிர்ச் மரங்களின் உச்சிகள் சுழல்கின்றன. காதலியைப் பார்க்க அவன் தாவி ஏறிய வட்டப் படிக்கட்டு அந்தச் சுழற்சியோடு கலக்கிறது. நடக்காமலே போன கல்யாணம் கண்முன் விரிகிறது. வெரோனிகாவாக வரும் தத்யானா சமோய்லவாவுக்கு அப்போது வயது இருபத்துச் சொச்சம்தான். கான் நடுவர்கள் அவருடைய நடிப்பைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டினார்கள்.

புதுப்பித்த பிரதியின் அருமை இங்கேதான் தெரிகிறது. தேய்ந்துபோன பிரதியில் இருட்டு வெறும் இருட்டாகத்தான் இருக்கும். இதிலோ குண்டுவீச்சு இரவின் கறுப்புக்குள் உடைந்த கண்ணாடித் துண்டுகள் மின்னுகின்றன. கண்ணின் ஈரம் தெரிகிறது. க்ரைட்டீரியன் ப்ளூ-ரேயில் ஒளிப்பதிவு பற்றிய பகுதியும், கலத்தோசவ் பற்றிய ஆவணப்படமும் உண்டு. வட்டு வாங்க வசதியில்லாதவர்கள் வருந்த வேண்டாம். மாஸ்ஃபிலிம் தன் பழைய படங்களை 2011 முதல் யூடியூபில் இலவசமாக ஏற்றி வந்திருக்கிறது. அங்கே தேடிப் பாருங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். படம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு ஒரே மூச்சில் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் வளர்ந்த பிள்ளைகளையும் உடன் உட்கார வையுங்கள். முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம் ஆகியவற்றின் தமிழ் நூல்கள் வழியாக ரஷ்ய மனிதர்களை அறிந்தவர்கள் நம் வாசகர்களில் பலர். அந்த நூல்களின் பக்கங்களில் சந்தித்தவர்களை இங்கே முகத்தோடு சந்திப்பீர்கள்.

காத்திருந்தவர்கள் நம்மிடையேயும் உண்டு. அதே உலகப் போரில்தான் மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். அவர்களுடைய பெண்கள் தோட்டக் குடியிருப்புகளான லயங்களில் எப்படிக் காத்திருந்தார்கள், யார் துணையில் பிழைத்தார்கள், ஊர் அவர்களை என்ன சொன்னது என்பதை நாம் போதிய அளவு எழுதி வைக்கவில்லை. உங்கள் பாட்டியோ அவர் தாயோ அப்படிக் காத்திருந்தவரா? அவரைப் பற்றி எழுதி அனுப்புங்கள். காத்திருந்தவரைப் பற்றியும் எழுதுங்கள், காத்திருக்க முடியாமல் போனவரைப் பற்றியும் எழுதுங்கள். யாருக்கும் தீர்ப்பு வழங்காமல், அன்போடும் மரியாதையோடும் இந்த இதழில் அவற்றை வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்