பழைய மோட்டார் வாங்குவோர்க்கு ஒரு வார்த்தை

கல்லூரி மலரொன்றிலே கல்வியும் சமயமும் இலக்கியமும் பேசப்படுதல் வழக்கம். அவற்றின் நடுவே பழைய மோட்டார் வண்டியைப் பற்றி நாம் பேசப் புகுந்தமைக்குத் தக்க காரணம் உண்டு. எம் பழைய மாணவருட் பலர் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் வாழ்கின்றனர். உழைத்து ஓய்ந்த வயதிலே, இளமையிற் படங்களிற் கண்டு வியந்த இத்தாலியக் கூப்பே ஒன்றை வாங்கி வைத்திருக்க வேண்டுமென அவருட் சிலர்க்கு ஆசை எழுகின்றது. ஊரில் உள்ளோர்க்கோ வேறொரு காரணம். 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 இலேதான். இந்த ஐந்து ஆண்டுகளிற் பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் புதுமதிப்புப் பெற்றன. இருசாராரும் கேட்கும் கேள்வி ஒன்றே: வாங்குமுன் எதனைப் பார்க்க வேண்டும்?

எமது அபிப்பிராயம் சுருக்கமானது. பணம் கொடுத்துத் திருத்தக்கூடியதைப் பின்னர்ப் பார்க்க. பணத்தாலும் திருத்த முடியாததை முன்னர்ப் பார்க்க. பளபளக்கும் நிறத்தையும் யந்திரத்தின் முழக்கத்தையும் கண்டு மயங்குவோர் இந்த முறையைத் தலைகீழாக்கி விடுகின்றனர். வண்டியின் வரலாறு, அதன் உடல், அதன் யந்திரம், அதனைப் பேணும் கை என நான்கையும் இவ்வொழுங்கிலே ஆராய்வாம்.

அதற்கு முன், இத்தாலியக் கலை எமக்கு அந்நியமானதன்று என்பதை நினைவூட்ட விரும்புகிறோம். வடபுலத்து வீதிகளிலே கலியாணத்துக்கும் கோயிலுக்கும் எம்மவரைச் சுமந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ55 இன் இரண்டாம் வகை 1959 இலும், ஏ60 1961 இலும் வெளிவந்தன. அவற்றின் யந்திரம் ஆங்கிலேயருடையது. உருவம் தூரின் நகரத்துப் பினின்பரீனா கூடத்தாருடையது. 1960 இல் வந்த பேஜோ 404 உம் அவர்கள் வரைந்ததே. ஆதலின் இத்தாலியர் வளைத்த தகட்டிலே நாம் ஏறி இருந்தே வந்திருக்கின்றோம்.

கூப்பே என்பது இரண்டு கதவும் தாழ்ந்த கூரையும் உடைய கார். இடைத்தர வருவாயுடையோர் இன்று நாடும் இத்தாலியக் கூப்பேக்கள் மூன்று. அல்பா றோமியோவின் ஜூலியா ஸ்பிறின்ற் ஜீ.ரீ. 1963 இல் வந்தது. பெற்றோனே கூடத்திலே இளைஞராயிருந்த ஜோர்ஜெற்றோ ஜுஜாறோ அதனை வரைந்தார். லான்சியா புல்வியா கூப்பே 1965 இல் வந்தது. முன்சக்கரங்களால் இயங்கும் அச்சிறு கார் 1972 இல் சர்வதேச றாலிப் போட்டித் தொடரிலே உற்பத்தியாளர் வெற்றியை லான்சியாவுக்கு ஈட்டித் தந்தது. மூன்றாவது, 1967 இல் வந்த பியற் 124 ஸ்போர்ட்ஸ் கூப்பே. மூன்றும் கண்ணுக்கு இனியவை. மூன்றும் கவனமின்றி வாங்குவோரை வறியராக்க வல்லவை.

முதலாவது வரலாறு. ஒரு காரின் அடிச்சட்டத்திலே பொறிக்கப்பட்ட செசி இலக்கம் அதன் பிறப்புச் சாட்சி. அதனையும் எஞ்சின் இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாராது ஒரு சதமும் கொடுத்தல் ஆகாது. வெளிநாட்டில் உள்ளோர் இதனைச் சடங்கென எண்ண வேண்டாம். 1965 இல் அல்பா றோமியோ பந்தயத்துக்கென அலுமினியத் தகடு போர்த்த ஜீ.ரீ.ஏ. என்னும் கூப்பேயைச் சிறு தொகையிலே செய்தது. அதன் விலை வானளாவியபின், சாதாரண ஸ்பிறின்ற் ஜீ.ரீ.க்கு அதன் வேடம் புனைவதும் தொழிலாயிற்று. வேடம் எனச் சொல்லி விற்பதிற் குற்றமில்லை. மறைத்து விற்பதே குற்றம். செசி இலக்கத்தைக் கொண்டு பிறப்பைச் சொல்லும் சான்றிதழை உற்பத்தியாளரின் ஆவணக் காப்பகமே வழங்குகின்றது. அதனைக் கேட்டுப் பெறுக.

இங்குள்ளோர்க்கு இலக்கத் தகடும் ஒரு சரித்திர ஏடு. 1957 இன் தொடக்கத்திலே சிங்கள ஸ்ரீ எழுத்து இலக்கத் தகட்டிற்கு வந்தது. அதனை எதிர்த்து வடக்கிலும் கிழக்கிலும் எழுந்த கிளர்ச்சியை மூத்தோர் அறிவர். அதற்கு முந்திய கார்கள் ஆங்கில எழுத்துக்களைத் தாங்கின. ஆகவே 1952 ஆம் ஆண்டுக் கார் எனச் சொல்லப்படும் வண்டி ஸ்ரீ எழுத்தோடு நின்றால், ஏன் எனக் கேட்க வேண்டும். தக்க விடை இருக்கலாம்; கேளாதிருத்தல் தகாது.

வன்னியிலே இக்கேள்விக்கு வேறோர் ஆழமும் உண்டு. 2009 மே மாதத்திலே போர் முடிந்தபோது முள்ளிவாய்க்கால் மணலிற் கைவிடப்பட்டுக் குவிந்து கிடந்த சைக்கிள்களையும் உழவு இயந்திரங்களையும் பேருந்துகளையும் கார்களையும் உலகம் படங்களிற் கண்டது. அவற்றின் உரிமையாளர் சிலர் இன்றில்லை. சிலர் பதிவுப் பத்திரங்களையும் இழந்து கைவீசி முகாம்களுக்குச் சென்றனர். ஆகவே, பத்திரமின்றிக் குறைந்த விலைக்கு வரும் பழைய கார் ஒன்றைக் காணும்போது, இது யாருடையது என்று கேட்டல் வெறும் சட்டப் பாதுகாப்பு மாத்திரமன்று. அயலவர்க்கு நாம் செய்ய வேண்டிய கடமையுமாம். மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் இலக்கத்தைக் கொடுத்து உரிமையாளரை அறியலாம். அறிந்தபின் அக்குடும்பத்தார் மனமுவந்து விற்பாராயின் வாங்குக. அவ்வாறன்றி வாங்குவோன் மலிவுக்குக் கார் வாங்கவில்லை. பிறரது இழப்பையே வாங்குகின்றான்.

இரண்டாவது உடல். மேற்சொன்ன மூன்று கூப்பேக்களுக்கும் தனி அடிச்சட்டம் இல்லை; வளைத்து ஒட்டிய தகட்டு உடலே பாரத்தைத் தாங்குகின்றது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் அத்தகையனவே. 1947 இல் வந்த ஒஸ்ரின் ஏ40 டெவனுக்கும் அதன் பின்வந்த சொமர்செற்றுக்கும் மாத்திரம் தனிச்சட்டம் உண்டு. சட்டமுள்ள வண்டியிலே தகடு துருப்பிடித்தால் அழகு கெடும். சட்டமில்லாத வண்டியிலே துருப்பிடித்தால் முதுகெலும்பே முறியும். ஆதலின் கதவுகளின் கீழுள்ள பெட்டிப் பகுதி, தரை, பின்வில் மாட்டும் இடம், மேலதிகச் சக்கரம் கிடக்கும் குழி, யாக்கி கொடுக்கும் இடம் ஆகியவற்றைக் கம்பளம் நீக்கிப் பார்க்க வேண்டும். புல்வியாவில் யந்திரத்தைத் தாங்கும் முன்துணைச்சட்டம் உடலோடு பொருந்துமிடத்தைத் தவறாது பார்க்க. ஒரு சிறு காந்தத்தைத் துணியிற் சுற்றித் தகட்டின் மீது நகர்த்துக. காந்தம் பற்றாத இடத்திலே இரும்பில்லை, பட்டிதான் உண்டு. கதவைத் திறந்து சற்றே உயர்த்தி ஆட்டுக. மூடும்போது கீழே இறங்கி உராய்ந்தால், பிணைச்சல் தேய்ந்திருக்கலாம் அல்லது உடலே வளைந்திருக்கலாம். இவற்றுள் எது என்பதை அறியுமுன் விலை பேசற்க.

குளிர்நாடுகளிலே பனியைக் கரைக்க வீதியிற் கொட்டும் உப்பு காரை அரிக்கின்றது. எமக்கு உப்பைக் கடலே தருகின்றது. முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்திலே கடல்நீரில் விளக்கெரிதல் அம்மன் அருள். அதே கடல்நீர் காரின் அடித்தகட்டிலே புகுந்தால் எரிவது விளக்கன்று, வாங்கியவர் வயிறு. கரையோரம் நின்ற வண்டி எனின், 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்த நாளில் அது எங்கே நின்றது எனக் கேட்க. ஒருமுறை உப்புநீரில் மூழ்கி உட்பொந்துகள் கழுவப்படாத உடல், ஆண்டுகள் கழிந்தும் உள்ளிருந்து தின்னப்பட்டுக் கொண்டேயிருக்கும்.

மூன்றாவது யந்திரம். விற்பவர் வண்டியை முன்னரே சூடாக்கி வைக்காதபடி சொல்லிச் செல்க. குளிர்ந்த யந்திரமே உண்மை பேசும். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும்; நின்று போகாத வெண்புகை தண்ணீர் உட்புகுவதைக் காட்டும். எண்ணெய் மூடியின் உட்புறத்திலே பால்நிறப் பசை படிந்திருந்தால், எண்ணெயும் தண்ணீரும் கலக்கின்றன என ஐயுறலாம். அலுமினியத் தலையுடைய அல்பா யந்திரத்தில் இதனைச் சிறப்பாகக் கவனிக்க. அதன் இரண்டாம் கியர் விரைந்து மாற்றும்போது நறநறத்தல் பலரும் அறிந்த குறை. விலையைக் குறைக்க அது நல்ல நியாயமுமாம். பியற் 124 கூப்பேயின் யந்திரத்திலே வால்வுகளை இயக்குவது இறப்பர்ப் பட்டி. அது மாற்றப்பட்ட நாளுக்குச் சான்று இல்லையேல், வாங்கிய அன்றே புதியது பூட்டுக. மொறிஸ் மைனர் வாங்குவோர் முன்சக்கரத்தின் கீழ் மூட்டிலே கிரீஸ் இருக்கின்றதா எனப் பார்க்க. அஃதின்றேல் புரி தேய்ந்து ஒருநாள் நடுவீதியிலே சக்கரம் சரிந்துவிடும்.

எம் மண்ணில் ஓடிய வண்டிகளுக்குச் சிறப்பாகக் கேட்க வேண்டிய ஒன்றுண்டு: இது எத்தனை ஆண்டு மண்ணெண்ணெயில் ஓடியது? 1990 இன் பின் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையிலே பெற்றோல் அரிதாயிற்று. சில துளி பெற்றோலால் யந்திரத்தைத் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையை எம் மெக்கானிக்மார் கைவரப் பெற்றனர். அமுக்க விகிதம் குறைந்த பழைய ஆங்கில யந்திரங்கள் அதற்கு இசைந்தன. ஆயினும் முற்றும் ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே வடிந்து எண்ணெயை நீர்க்கச் செய்யும். அதனால் வளையங்களும் பெயரிங்குகளும் தேயும். ஆகவே எண்ணெய் அமுக்கத்தை யந்திரம் நன்கு சூடான பின் பார்க்க வேண்டும். குறைவெனக் கண்டாலும் அஞ்ச வேண்டியதில்லை. அந்த ஏ வரிசை யந்திரத்துக்கு உதிரிப் பாகம் இன்றும் கிடைக்கின்றது. மொறிஸ் மைனரின் தகட்டுப் பாகங்களை இலங்கையிலே செய்து இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு அனுப்பிய காலமும் இருந்தது.

நான்காவது, பேணும் கை. காரை வாங்குமுன் அதனைப் பேணுபவரைத் தேடிக்கொள்க. வெளிநாட்டிலே அவ்வகைக் காருடையோரின் சங்கத்திற் சேர்ந்தால், நல்ல பட்டறை எது என்பது ஒரு மாதத்திலே தெரியவரும். ஊரிலே, மூத்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் சென்று, அவர் கேட்குமுன்னரே அவருக்குரிய கூலியைக் கொடுத்து வண்டியைப் பார்ப்பிக்க. கையிலுள்ள பணம் முழுவதையும் வாங்குவதிற் கொட்டாது மூன்றிலொரு பங்கையாவது திருத்த வேலைக்கு ஒதுக்குக.

இடிந்த வீடுகள் இன்னும் எழவேண்டிய மண்ணிலே பழைய கார் ஆசை வேண்டுமா எனச் சிலர் வினவுவர். அக்கேள்வியை நாம் மதிக்கின்றோம். காட்சிக்கு நிறுத்தும் கார் வீண்செலவே. ஆனால் ஓட்டிப் பேணப்படும் பழைய கார் ஒரு பட்டறைக்குச் சோறு போடுகின்றது. அப்பட்டறையிலே ஒரு பையன் தொழில் கற்கின்றான். தடைக்காலத்திலே காபுறேற்றரை மண்ணெண்ணெய்க்கு இசைத்தவர்கள் முதுமை எய்திவிட்டனர். அவர்களது அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை, விரல்நுனியிலே இருக்கின்றது. அவர்கள் மறைந்தபின் எவ்விலை கொடுத்தும் அதனை வாங்க இயலாது.

2013 தொடக்கம் உயர்தர வகுப்பிலே தொழினுட்பவியல் துறை உண்டு. அத்துறை மாணவரைப் பழைய மாணவர் சங்கம் ஆண்டுதோறும் சில நாள் இம்மூத்தோரின் பட்டறைகளுக்கு அனுப்பி, அவர்கள் சொல்வதை எழுதிவைக்கச் செய்தல் வேண்டும் என்பது எம் விண்ணப்பம். வெளிநாட்டிலே கூப்பே வாங்கும் அன்பர் அதன் ஒரு சக்கரத்தின் விலையை இதற்கு ஈந்தாற் போதும். நல்ல காரைத் தெரிந்தெடுக்கும் கண் அம்மாணவர்க்கு வாய்க்கும்; அடுத்த தலைமுறையிலே நாம் கார் வாங்கச் செல்லும்போது கூட்டிச் செல்ல ஆளும் இருக்கும்.