வாழைப்பழமும் செரோடோனினும்

லால்குடியில் எனக்கு ஒரு மாமா. குத்தகை நிலத்தில் வாழை போட்டவர். குலை தள்ளியிருந்த நேரம் பார்த்து ஒரே ராத்திரிக் காற்றில் தோட்டம் முழுக்கச் சாய்ந்தது. கடன் அப்படியே நின்றது. மூன்று மாதமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, திண்ணையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். பார்க்கப் போனேன். மகன் ஒரே வரியில் சொல்லிவிட்டான்: “அப்பாவுக்கு செரோடோனின் கம்மியாயிடுச்சு அத்தான். லேப்ல டெஸ்ட் எடுத்தாச்சு. தினம் ரெண்டு வாழைப்பழம் குடுக்கச் சொல்றாங்க, அதுல நிறைய இருக்காம்.”

வாழை போட்டு நொடித்த மனுஷனுக்கு வாழைப்பழ வைத்தியம்!

பழத்தில் செரோடோனின் இருப்பது நிஜம்தான். சில வகைக் கட்டிகளுக்காகச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யும்போது, முன்கூட்டியே வாழைப்பழத்தை நிறுத்தச் சொல்வார்கள். தின்றால் கணக்கு தப்பிவிடும். ஆனால் தின்ற செரோடோனின் மூளைக்குப் போகாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு அதை உள்ளே விடாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. உடம்பிலுள்ள செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடல் சமாசாரம். ஆக, கையில் ஊசி குத்தி லேப்காரர் அளந்தது மாமாவின் குடல் சரக்கை. மனச்சோர்வைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. காசு வாங்கிக்கொண்டு யாராவது செய்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்தக் ‘கம்மி’ கதையில் நம் ஊர் மூலிகைக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தி ரத்தக் கொதிப்பைக் குறைக்கிறது என்று பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949-ல் எழுதினார். 1952-ல் அதிலிருந்து ரிசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். சாப்பிட்டவர்களில் சிலர் சோர்ந்து படுத்தார்கள். 1955-ல் ரிசர்பின் செரோடோனினைக் காலி செய்கிறது என்று அமெரிக்காவில் கண்டார்கள். முடிந்தது, குறைந்தால் சோகம்! அதே 1955-ல் டேவிஸ், ஷெப்பர்ட் என்ற இரண்டு ஆங்கில டாக்டர்கள், ரிசர்பின் கொடுத்ததில் மனச்சோர்வு தணிந்தது என்று லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள். அது பெரிதாக எடுபடவில்லை. சுலபமான கதைதான் ஜெயித்தது.

சரி, சிலர் மட்டும் ஏன் சீக்கிரம் விழுகிறார்கள்? 2003-ல் அதற்கும் ஒரு பதில் வந்தது. நியூஸிலாந்தில் 847 பேரை ஆராய்ந்து, செரோடோனின் சம்பந்தப்பட்ட ஒரு ஜீன் ‘குட்டை’யாக இருப்பவர்கள் கஷ்டம் வரும்போது அதிகம் சோர்வடைகிறார்கள் என்றார்கள். பேப்பரெல்லாம் கொண்டாடியது. 2019-ல் பல லட்சம் பேரின் தகவலை வைத்துச் சோதித்தபோது அந்த ஜீனின் பங்கு தேறவில்லை. 2022-ல் லண்டனின் ஜோனா மான்க்ரீஃப் குழுவினர் பழைய ஆய்வுகளை அலசி, செரோடோனின் குறைவால்தான் மனச்சோர்வு என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றார்கள்.

இங்கேதான் எனக்கு இரண்டாவது கோபம். இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் ‘டிப்ரஷன் மாத்திரை எல்லாம் ஃபிராடு’ என்று உருமாறி மாமாவின் மொபைலுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. டாக்டர் கொடுத்த மாத்திரையை மறுநாளே நிறுத்திவிட்டார். தலைசுற்றல், மண்டைக்குள் ஷாக் அடித்த மாதிரி வெட்டு வெட்டு என்று இழுப்பு. திடீரென்று நிறுத்தினால் அப்படித்தான் வரும்.

தைலம் தேய்த்தால் தலைவலி விடுகிறது. அதற்காகத் தைலம் குறைந்து தலைவலி வந்தது என்பீர்களா? மாத்திரையும் அப்படித்தான். 2018-ல் 522 பரிசோதனைகளை, 1,16,477 பேரைக் கூட்டிப் பார்த்ததில் 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடக் கொஞ்சம் மேல். பிரமாதம் இல்லை, பூஜ்யமும் இல்லை. செரோடோனினைச் சில மணி நேரத்தில் கூட்டிவிடுகிற மாத்திரை மனசைத் தேற்ற வாரக்கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வெறும் பற்றாக்குறைதான் வியாதி என்றால் மறுநாளே சரியாகியிருக்க வேண்டாமா?

‘கெமிக்கல்’ என்று சொன்னால் நோயாளிமேல் பழி விழாது என்பார்கள். வாஸ்தவம். கூடவே குத்தகை, வட்டி, விழுந்த தோட்டம் எல்லாம் பேச்சிலிருந்து காணாமல் போகிறதே, அதை என்ன சொல்ல?

மகனை டாக்டரிடம் பேச வைத்தேன். மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, பிறகு நிறுத்துவதானால் படிப்படியாகக் குறைக்கலாம் என்றார். பின்னர் திண்ணையில் மாமா பக்கத்தில் உட்கார்ந்து, பாக்கி எவ்வளவு என்று கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். மகனுக்கு அதில் பாதி இதுவரை தெரியாதாம்.