பூனைக்காலி நோயை நிறுத்தாது

பாளையங்கோட்டை முதல் பாபநாசம் வரை, கை நடுங்கும் முதியவருக்குக் கிடைக்கும் யோசனை இதுதான்: பூனைக்காலி விதைப்பொடி இயற்கையானது, நரம்பு செல்லைக் காத்துப் பார்க்கின்சன் நோயை நிறுத்திவிடும், ஆங்கில மாத்திரை வேண்டாம்.

1. அந்த விதையில் வேலை செய்வது எது? லெவோடோபா. 1937இல் தாமோதரனும் ராமசாமியும் சென்னையில் அதைப் பிரித்தெடுத்து எழுதிவிட்டார்கள். நீங்கள் விடச் சொல்லும் மாத்திரையிலும் அதே பொருள்தான். ஒன்று அமுதம், மற்றது நஞ்சா?

2. லெவோடோபா மூளையில் டோபமைனாக மாறி, இந்நோயில் ஏற்படும் டோபமைன் குறையை ஈடுகட்டும். நடை இளகும், நடுக்கம் அடங்கும். செல் அழிவது நின்றதாக அதற்கு அர்த்தமில்லை. அழிவை நிறுத்துவதாக நிரூபிக்கப்பட்ட மருந்து, பொடியோ மாத்திரையோ, இன்றுவரை இல்லை.

3. இயற்கையானது என்றால் பக்கவிளைவு கிடையாதா? மருந்து மூளைக்குப் போகும் முன்பே மாறி வாந்தியைக் கிளப்பாமலிருக்கத்தான் மாத்திரையில் கார்பிடோபா சேர்க்கிறார்கள். பொடியில் அது இல்லை. விதைக்கு விதை லெவோடோபா அளவும் வேறு. மாத்திரையைத் திடீரென்று விட்டால் உடல் விறைத்து, காய்ச்சல் ஏறி, உயிரே போகலாம். யோசனை சொன்னவர் அப்போது பொறுப்பேற்பாரா?

4. செல்லைக் காக்கும் அக்கறை இருந்தால் வயலைப் பாருங்கள். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பாராகுவாட் களைக்கொல்லியைக் கையாண்டவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 2.5 மடங்கு. வயதும் மரபணுவும் சேர்ந்தே காரணமாகின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் பாராகுவாட்டுக்கு அனுமதியில்லை, இந்தியாவில் விற்கிறார்கள். தாமிரபரணிக் கால்வாய்க் கரையில் வெறுங்கையால் களைக்கொல்லி கலக்கும் கூலியாளுக்கு ஒரு கையுறை வாங்கிக் கொடுக்க இந்த யோசனைக்காரர்களில் எத்தனை பேர் சொன்னார்கள்?